ஆயிலியத்துக்குத் தெற்கே ஓர் அயல்வீடு

(சங்கத்தின் நூற்றாண்டை ஒட்டிக் குருக்கள்மடத்தில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் தங்கச்சி என்னிடம் கேட்டது இதுதான்: "மிஸ், பழைய நினைவுகளை எல்லாரும் பேசுகிறார்கள். நீங்கள் விஞ்ஞானம் ஏதாவது பேசுங்கள். பிள்ளைகளுக்கும் விளங்க வேண்டும், பெரியவர்களுக்கும் நித்திரை வரக்கூடாது." முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்தவளிடம் இப்படிக் கேட்டால் என்ன செய்வது? நித்திரையைப் பற்றி என்னால் உத்தரவாதம் தர முடியாது. என் பிற்பகல் வகுப்புகளில் இருந்தவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியும்.

நான் பேசப் போவது ஒரு அயலவரைப் பற்றி. சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரக் குடும்பங்களை வரிசைப்படுத்தினால் நாலாவது வீட்டில் இருப்பவர். நாலாவது வீடு என்றாலும் 2014 ஆம் ஆண்டு வரை அவர் அங்கே இருப்பது ஒருவருக்கும் தெரியாது. காரணம், அவர் விளக்கு ஏற்றுவதில்லை. மிகவும் குளிர்ந்தவர், மிகவும் மங்கலானவர். பெயரும் நல்ல பெயராக இல்லை, வைஸ் 0855−0714 என்று ஒரு தொலைபேசி இலக்கம் மாதிரி. வைஸ் என்பது அவரைப் படம் பிடித்த செய்மதி. இலக்கங்கள் வானத்தில் அவருடைய விலாசம்.

அவர் எந்த இனம் என்றால், ஆங்கிலத்தில் 'பிரவுண் டுவாவ்' என்பார்கள். தமிழ்நாட்டு நூல்களில் பழுப்புக் குள்ளன், பழுப்புக் குறுமீன் என்றெல்லாம் இருக்கும். எங்களுக்குப் பழுப்பு என்றால் மஞ்சள் ஏறிய பழைய கடதாசி. பிரவுணை நாங்கள் மண்ணிறம் என்போம், கபிலம் என்போம். ஆகவே நான் கபிலக் குறுமீன் என்றே சொல்லப் போகிறேன். உண்மையில் அவை கபில நிறமும் இல்லை. ஓரளவு சூடானவற்றைக் கண்ணால் பார்க்க முடிந்தால் மங்கிய சிவப்பாகத் தெரியும் என்கிறார்கள். நம் அயலவர் கரிய உருண்டையாகத்தான் இருப்பார்.

இந்தப் பேச்சைக் குருக்கள்மடத்தில் பேசுவதில் எனக்கு ஒரு தனி விருப்பம் உண்டு. கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் இந்த நிலத்தை எழுவான்கரை என்கிறோம். வாவிக்கு அந்தப் பக்கம், அம்பிளாந்துறைப் பக்கம், படுவான்கரை. சூரியன் எழும் கரை, சூரியன் படும் கரை. ஊருக்குப் போகும் வழியையே வானத்தைப் பார்த்துச் சொன்ன சனம் நாங்கள். அதோடு இந்த ஊர் பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஏழரைப் பாகைக்குச் சற்றுக் கூட இருக்கிறது. வட வானம், தென் வானம் இரண்டிலும் பெரும் பங்கு எங்களுக்குக் கிடைக்கும். இலண்டனில் இருந்தும் ரொறன்ரோவில் இருந்தும் வந்திருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை.

இனி அயலவரின் விலாசம். ஆயிலிய நட்சத்திரம் எல்லாருக்கும் தெரியும், சாதகத்திலாவது தெரியும். வானத்தில் அதைக் காட்டச் சொன்னால் எத்தனை பேர் காட்டுவோம்? பூசத்துக்கும் மகத்துக்கும் இடையில் சின்னச் சின்னதாக ஒரு வளையமாகக் கூடியிருக்கும் ஐந்தாறு நட்சத்திரம் அது. எங்கள் முன்னோர் அதைப் பாம்பு என்றார்கள். மேற்கத்தேயத்தவரும் அதே கூட்டத்தை ஐதரா என்ற நீர்ப்பாம்பின் தலை என்றார்கள். அந்த வளையத்தின் கிழக்கு ஓரத்து நட்சத்திரத்தில் இருந்து நேரே தெற்கே 13 பாகை வாருங்கள். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் வானத்தில் அது 10 பாகையை மறைக்கும். அப்படி ஒரு முட்டி, பிறகு இரண்டு விரல் அகலம். அங்கேதான் அவர் இருக்கிறார். கண்ணுக்கு வெறும் இருட்டுத்தான்.

ஆயிலியம் என்றதும் சில அம்மாமாரின் முகம் மாறியதைக் கண்டேன். ஆயிலியத்தில் பிறந்த மருமகள் மாமியாருக்கு ஆகாது என்று ஒரு கதை எங்கள் சனத்திடம் உண்டு. என் சின்னம்மா ஒருவர் ஆயிலியம். பேசி வந்த சம்பந்தங்கள் சாதகத்தைக் கண்டதும் நின்றுபோனதை நான் சிறுமியாக இருந்து பார்த்தவள். ஆயிலியத்தின் அந்த நட்சத்திரங்கள் பலவும் நூறு ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று கூட அவை கிட்ட இல்லை, இங்கிருந்து பார்க்கும்போது ஒரே பக்கமாகத் தெரிகின்றன, அவ்வளவுதான். அவற்றுக்கும் எங்கள் வீட்டுக் குசினிக்கும் என்ன தொடர்பு என்று சின்னம்மா கேட்பார். அன்றைக்கு அவருக்குப் பதில் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

சரி, கபிலக் குறுமீன் என்றால் என்ன? நட்சத்திரம் பிறப்பது வாயுவும் தூசியும் சேர்ந்த ஒரு முகில் தன் சொந்த ஈர்ப்பால் உள்ளே விழுந்து சுருங்குவதால். சுருங்கச் சுருங்கச் சூடு ஏறும். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்ப் சுடுவது போல. சூரியன் அளவு திணிவு இருந்தால் நடுவில் ஒன்றரைக் கோடி பாகை வரை ஏறும். ஐதரசன் கருக்கள் இணைந்து ஈலியமாகும், அதில் சக்தி வெளிவரும், விளக்கு எரியத் தொடங்கும். மிகச் சிறிய நட்சத்திரத்துக்குக் கூட நடுவில் ஏறக்குறைய 30 இலட்சம் பாகை வேண்டும். முகில் போதிய அளவு பெரிதாக இல்லாவிட்டால் அந்தச் சூடு வராது.

ஏன் வராது? சிறியது என்றாலும் இன்னும் இன்னும் சுருங்கிச் சூடேறலாம் தானே? ஒரு நல்ல மாணவி கேட்க வேண்டிய கேள்வி இது. விடை இலத்திரன்களிடம் இருக்கிறது.

கல்முனையில் இருந்து மட்டக்களப்புக்குக் காலையில் வரும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வெள்ளைச் சட்டையோடு குருக்கள்மடத்துச் சந்தியில் ஏறிய பஸ். ஒரு சீற்றில் இரண்டு பேர். இலத்திரன்களின் பஸ்ஸிலும் அதே சட்டம், ஒரு நிலையில் இரண்டு மட்டும், அந்த இரண்டும் எதிரெதிராகச் சுழல வேண்டும். எங்கள் பஸ்ஸில் கொண்டக்டர் "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க" என்று சத்தம் போட்டால் இரண்டு பேர் சீற்றில் நாலு பேர் இருப்போம். இலத்திரன்கள் எந்தக் கொண்டக்டருக்கும் பணியாது. கீழ்ச் சீற்றுகள் நிறைந்துவிட்டால் புதிதாக வருபவை மேலே, மேலே, கூடிய சக்தியோடுதான் நிற்க வேண்டும். அந்த நெருக்கடி வெளிநோக்கி ஒரு அமுக்கத்தைக் கொடுக்கும். வாயு சூடானால்தான் சாதாரண அமுக்கம் கூடும், ஆறினால் குறைந்துவிடும். இந்த அமுக்கம் அப்படி இல்லை. முழுக்கக் குளிர்ந்த பின்னும் அது அப்படியே நிற்கும். ஆகவே திணிவு குறைந்த முகில் ஓரளவு சுருங்கியதும், நடுவில் தீப் பற்றும் முன்னரே, இந்த நெருக்கடி அதைத் தடுத்து நிறுத்திவிடுகிறது. அதற்குப் பிறகு அதனிடம் உள்ளது சுருங்கியபோது சேர்த்த சூடு மட்டும். அடுப்பில் இருந்து இறக்கிய மண்சட்டி போல, கோடி கோடி ஆண்டுகளாக ஆறிக்கொண்டே போகும்.

இதே இலத்திரன் நெருக்கடியை வைத்துத்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர் தன் புகழ்பெற்ற கணக்கைச் செய்தார். 1910 இல் லாகூரில் பிறந்த தமிழர், சென்னை மாநிலக் கல்லூரி மாணவர். 1930 இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, வெண்குறுமீன் எவ்வளவு திணிவு வரை தாங்கும் என்று கணக்குப் பார்த்தார். 53 வருடம் கழித்து 1983 இல் நோபல் பரிசு வந்தது. அவர் பார்த்தது நட்சத்திரத்தின் சாவு. அதே நெருக்கடியைப் பிறப்பின் பக்கம் கொண்டுபோனவர் இந்தியாவில் இருந்து அமெரிக்காவுக்குப் போன சிவ் குமார் என்ற இளம் ஆய்வாளர். சூரியத் திணிவில் ஏறக்குறைய 7 சதவீதத்துக்குக் குறைந்த ஒரு பொருள் ஒருநாளும் நட்சத்திரமாக எரியாது என்று 1963 இல் அச்சில் சொன்னார். அந்த அளவு வியாழனைப் போல எழுபது மடங்குக்குச் சற்று மேல். அப்போது அவர் வைத்த பெயர் கரும் குறுமீன். அந்தப் பெயர் வேறு ஒரு பொருளுக்கும் வழங்கியதால் குழப்பம் வந்தது. 1975 இல் கலிபோர்னியாவில் கலாநிதிப் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்த ஜில் ராட்டர் என்ற பெண்மணிதான் 'பிரவுண்' என்று மாற்றினார். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தபோது முந்நூறு பேர் வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். பின்னாளில் வேற்றுலக உயிர்களின் வானொலிச் சைகைகளைத் தேடும் ஆய்வுக்குத் தலைமை தாங்கினார்.

பெயர் வைத்து இருபது வருடம் ஒன்றும் அகப்படவில்லை. 1995 இல் ஒரே ஆண்டில் இரண்டு அகப்பட்டன. கார்த்திகைக் கூட்டத்தில் ஒன்று, கனரித் தீவுகளைச் சேர்ந்த குழு கண்டது, அதில் மரியா ரோசா சப்பதேரோ ஒசோரியோ என்ற இளம் பெண்ணும் ஒருவர். மற்றது கிளீசே 229 என்ற நட்சத்திரத்துக்குத் துணையாக, சிறிநிவாஸ் குல்கர்ணியின் குழு கண்டது. இரண்டாவதன் நிறமாலையில் மெதேன் வாயு இருந்தது. எரியும் எந்த நட்சத்திரத்திலும் மெதேன் தாக்குப்பிடிக்காது. சந்தேகம் அத்தோடு தீர்ந்தது.

இந்த இடத்தில் இலங்கையர் ஒருவரையும் சொல்லாமல் போகக்கூடாது. இந்நாட்டில் பிறந்து, யேல், ஹாவார்ட் பல்கலைக்கழகங்களில் படித்த ரே ஜயவர்த்தன, இளம் கபிலக் குறுமீன்களைச் சுற்றித் தூசித் தட்டுகள் இருப்பதை ஆராய்ந்தவர்களில் முன்னிலையில் நிற்பவர். சூரியனைச் சுற்றி ஒருகாலத்தில் இருந்து பூமியும் வியாழனும் உருவானது அப்படி ஒரு தட்டில் இருந்துதான். எரியாத இந்தக் குறுமீன்களும் நட்சத்திரங்களைப் போலவே பிறக்கின்றன, அவற்றுக்கும் கோள்கள் இருக்கலாம் என்று காட்ட அந்த ஆய்வுகள் உதவின. 4668 என்ற சிறுகோளுக்கு அவர் பெயரைச் சுருக்கி ரேஜே என்று வைத்திருக்கிறார்கள்.

இனி எங்கள் அயலவரைக் கண்டுபிடித்த விதம். விளக்கில்லாத வீட்டை இரவில் எப்படிக் காண்பது? கொரோனா காலத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேரே ஒரு கருவியை நீட்டினார்களே, ஞாபகம் இருக்கிறதா? அது எங்களைத் தொடவில்லை. எங்கள் மேல் எந்த வெளிச்சத்தையும் பாய்ச்சித் திரும்பி வாங்கவும் இல்லை. உடம்பு தானாகவே வெளியிடும் செங்கீழ்க் கதிரை அளந்து காய்ச்சல் உண்டா என்று சொன்னது. சூடுள்ள எந்தப் பொருளும் அந்தக் கதிரை வெளியிடும். வைஸ் செய்மதி அதே வேலையை வானத்துக்குச் செய்தது. 2009 டிசம்பரில் மேலே போய், 2010 இல் முழு வானத்தையும் படம் பிடித்தது.

அதன் ஆடி 40 சென்ரிமீற்றர். மொறட்டுவை, கட்டுபெத்தையில் ஆதர் சி. கிளாக் நிலையத்தில் இருக்கும் தொலைகாட்டியின் ஆடி 45 சென்ரிமீற்றர். எங்கள் நாட்டுத் தொலைகாட்டி பெரிது! பிறகு ஏன் நாங்கள் காணவில்லை? ஆடியின் அளவில் அல்ல பிரச்சினை. பூமியின் காற்றும், மண்டபமும், தொலைகாட்டியின் குழாயும் எல்லாமே 30 பாகையில் செங்கீழ்க் கதிரில் ஒளிர்ந்துகொண்டிருக்கின்றன. நண்பகலில் மின்மினி தேடுவது மாதிரி. வைஸ் செய்மதியை விண்வெளியில் வைத்தார்கள், அதற்கும் மேலே உறைந்த ஐதரசனை வைத்து அதன் உட்பகுதியைப் பூச்சியத்துக்குக் கீழே 260 பாகை வரை குளிர்வித்தார்கள். குளிர்ந்தவரைப் பார்க்கப் போகிறவர் அவரை விடக் குளிராக இருக்க வேண்டும்.

எங்கள் வாவியில் பாடும் மீனைக் கேட்பதற்குத் துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் வைத்து மறு நுனியைக் காதில் வைப்பார்கள் அல்லவா? பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் வெறும் காதோடு நின்றவர்கள் "ஒன்றும் கேட்கவில்லை, கதைதான்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இதுவும் அப்படித்தான், விண்மீனுக்கு வேறு துடுப்பு.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கெவின் லூமன் என்பவர் அந்தப் படங்களை ஆறு மாத இடைவெளியில் ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லாப் புள்ளியும் நின்ற இடத்தில் நிற்க, ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருந்தது. இங்கே பாதையில் வாவியைக் கடக்கும்போது கரையோரத் தென்னைகள் வேகமாகப் பின்னே போகும், தூரத்து மரங்கள் அசையாமல் நிற்கும். அதே கணக்கு. நகர்கிறது என்றால் கிட்ட இருக்கிறது. ஸ்பிற்சர் விண்வெளித் தொலைகாட்டியால் மேலும் படங்கள் எடுத்துத் தூரத்தை உறுதி செய்து, 2014 ஏப்ரலில் அறிவித்தார். மண்முனைப் பாலம் திறந்ததும் அதே 2014 தான், எனக்கு ஆண்டு மறக்காததற்கு அதுவே காரணம். பின்னர் திருத்தமாக அளந்த தூரம் ஏறக்குறைய 7.4 ஒளியாண்டு. கிலோமீற்றரில் 70 இலட்சம் கோடி. இன்று அங்கிருந்து புறப்படும் கதிர், முதலாம் ஆண்டில் இருக்கும் என் பேத்தி எட்டாம் ஆண்டுக்கு வரும்போது இங்கே வந்து சேரும்.

அவரை விடக் கிட்ட இருப்பவர்கள் மூன்று குடும்பம் மட்டும். அல்பா சென்ரோரி, பாணாட் நட்சத்திரம், பிறகு லூமன் 16 என்ற சோடிக் கபிலக் குறுமீன்கள். அந்தச் சோடியையும் இதே லூமன்தான் அதற்கு முந்தைய வருடம், 2013 இல் கண்டார். பாணாட் நட்சத்திரத்தின் வேகம் தெரியவந்த 1916 க்குப் பிறகு அவ்வளவு கிட்ட ஒரு குடும்பம் அகப்பட்டதே இல்லை. எங்கள் சங்கத்துக்கு முன்பிருந்தே பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது என்று வானியலாளர் நினைத்துக்கொண்டிருந்தார்கள், உள்ளே ஆள் இருந்தது.

நம் அயலவரின் சூடு எவ்வளவு தெரியுமா? முதலில் ஒருசில நிறங்களில் மட்டும் அளந்தபோது −48 பாகைக்கும் −13 பாகைக்கும் இடையில் என்றார்கள். இறைச்சி வைக்கும் உறைபெட்டி. பின்னர் 2021 டிசம்பரில் ஏவிய ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி அவருடைய நிறமாலையை விரித்துக் காட்டியது. அதை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 12 பாகை. நுவரெலியாவில் ஒரு விடியற்காலை. எப்படிப் பார்த்தாலும் இந்த மண்டபத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் அவரை விடச் சூடானவர்கள், மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்திருக்கும் தலைவி அவர்கள் உட்பட. சூரியக் குடும்பத்துக்கு வெளியே இதுவரை இவ்வாறு தனித்து ஆராயப்பட்டவற்றுள் இவரே மிகக் குளிர்ந்தவர்களில் ஒருவர். 2016 இல் ஹவாயில் உள்ள ஜெமினி தொலைகாட்டியால் அவரில் நீராவியைக் கண்டார்கள், நீர் முகில்கள் இருக்கலாம் என்பதற்கும் அறிகுறி தெரிந்தது. மெதேன், அமோனியா உண்டு என்பதையும் வெப் காட்டியது. அவரிடம் மழை உண்டா என்று பிள்ளைகள் கேட்பீர்கள். இறங்கி நிற்க அங்கே தரை இல்லை, கீழே போகப் போக வாயுதான், சூடுதான்.

திணிவு வியாழனைப் போல 3 முதல் 10 மடங்கு. பருமன் மட்டும் வியாழனைப் போலவே. பஞ்சுத் தலையணைக்குள் இன்னும் இன்னும் பஞ்சு திணித்தால் பாரம் ஏறும், தலையணை பெருக்காது, அப்படி. இங்கே ஒரு வழக்கு இருக்கிறது. வியாழனைப் போல 13 மடங்குக்கு மேலே உள்ளவை பார ஐதரசனையாவது கொஞ்சக் காலம் எரிக்கும், அவையே கபிலக் குறுமீன் என்று ஒரு சாரார். அப்படியானால் இவர் குறுமீன் இல்லை, எந்தச் சூரியனையும் சுற்றாமல் தனியே திரியும் கோள். பிறந்த விதத்தைப் பார், எரித்ததைப் பார்க்காதே என்று மற்றச் சாரார். நான் இரண்டாவது கட்சி. அது சரியா என்று தீர்க்க, அவர் எப்படிப் பிறந்தார் என்பது தெரிய வேண்டும்.

பத்திரிகைகள் இவற்றைத் 'தோற்றுப்போன நட்சத்திரம்' என்று எழுதுகின்றன. எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. அப்படிப் பார்த்தால் வியாழனும் தோற்றதுதான், பூமி பரீட்சைக்கே தோற்றவில்லை. உயர்தரப் பெறுபேறு வரும் நாளில் பாடசாலை வாசலில் நின்றவர்களுக்கு இந்தச் சொல் எப்படி வேலை செய்யும் என்று தெரியும். பௌதிகவியலில் சாதாரண சித்தியோடு வெளியே போய், வீட்டில் ஒரு வருடம் முகத்தைக் காட்டாமல் இருந்த ஒரு பிள்ளை, இன்று வைத்தியசாலையில் கதிர்ப்படக் கருவிகளோடு வேலை செய்கிறாள். அவள் இங்கே இருக்கிறாள், பெயர் சொல்லமாட்டேன், அடிப்பாள்.

வகுப்புப் பிரிப்பது பற்றியும் ஒரு சொல். நட்சத்திரங்களைச் சூட்டின்படி ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று பிரித்து ஒழுங்குபடுத்தியவர் ஆனி ஜம்ப் கனன். காது கேளாத நிலையிலும் ஹாவார்ட் வான்நிலையத்தில் மூன்றரை இலட்சம் வரையிலான நட்சத்திரங்களைக் கண்ணாடித் தட்டுகளில் பார்த்து வகுத்தார். அங்கே வேலை செய்த பெண்களின் கூலி மணிக்கு 25 சதத்தில் தொடங்கியது. கபிலக் குறுமீன்கள் வந்த பின் அந்த வரிசை போதாமல் 1999 இல் எல், ரி என்று இரண்டு எழுத்தும், 2011 இல் வை என்று ஒன்றும் கூட்டினார்கள். நம் அயலவர் வை வகுப்பின் கடைசி வாங்கில் இருப்பவர்.

இப்போது நான் உண்மையில் பேச வந்த விசயம். நூற்றாண்டு நிதியை என்ன செய்வது என்று செயற்குழுவில் பேச்சு நடக்கிறது. வாசலில் வளைவு கட்ட வேண்டும் என்பது பலருடைய ஆசை. வளைவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கல்வெட்டில் என் பெயரும் இருந்தால் நல்லதுதான். ஆனால் கணிதப் பிரிவில் ஒரு வகுப்பு நடத்தப் பிள்ளைகள் போதாத ஆண்டுகளை நான் கண்டவள். ஆர்வம் இல்லாமல் அல்ல. ஒன்பதாம், பத்தாம் ஆண்டில் பௌதிகவியல் என்றால் சூத்திரம் மட்டும் என்று அவர்களுக்குப் பழகிவிடுகிறது. பதினோராம் ஆண்டு முடிந்து பிரிவு தெரியும்போது தாயும் மகளும் பயப்படுகிறார்கள்.

தொலைகாட்டி வாங்கித் தாருங்கள் என்று கேட்கப் போகிறேன் என்று நினைப்பீர்கள். இல்லை. எங்கள் பணத்தில் எந்தத் தொலைகாட்டி வாங்கினாலும் இந்த அயலவர் அதில் தெரியமாட்டார். நான் கேட்பது சில கணினி, ஒழுங்கான இணைய இணைப்பு, கிழமையில் ஒரு பின்னேரம் ஒரு ஆசிரியை. ஏனென்றால் வைஸ் பிடித்த படங்கள் எல்லாம் உலகத்துக்குத் திறந்திருக்கின்றன. 2017 இல் 'பக்யாட் வேர்ள்ட்ஸ்' என்று, பொதுமக்கள் சேர்ந்து தேடும் ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஒரே இடத்தின் வெவ்வேறு ஆண்டுப் படங்களை மாறி மாறிக் காட்டும், நகரும் புள்ளியைக் கண்டால் குறிக்க வேண்டும். கணினி இதில் அடிக்கடி ஏமாறுகிறது, மனிதக் கண் ஏமாறுவது குறைவு. திட்டம் தொடங்கிய ஒரு கிழமைக்குள் ஒஸ்ரேலியாவின் ரஸ்மேனியாவில் ஒரு விஞ்ஞான ஆசிரியர் ஒரு மங்கிய புள்ளியைக் குறித்தார். அது புதிய கபிலக் குறுமீன், ஏறக்குறைய 110 ஒளியாண்டில். 2020 இல் ஒரே அறிவித்தலில் 95 புதியவை வெளிவந்தன, கண்ட பொதுமக்களின் பெயர்களும் ஆய்வுக் கட்டுரையில் ஆசிரியர்களாக இருந்தன. செய்மதி 2024 இல் வேலையை முடித்துக்கொண்டது. படங்கள் பார்த்து முடியவில்லை.

மலர் கையில் கிடைத்து இதை வாசிக்கும் வெளிநாட்டுத் தங்கைமாருக்கும் ஒரு வேலை இருக்கிறது. அந்தத் திட்டத்தின் விளக்கங்கள் ஆங்கிலத்தில். எட்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு விளங்கும் தமிழில் அவற்றை எழுத ஆள் வேண்டும். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் படித்து, கலைச்சொல் ஆக்கும் முயற்சிகளிலும் முன்னின்ற மண் இது. மெல்பேணில் கணினி வேலை செய்பவர் பின்னேரம் ஒரு மணித்தியாலம் திரையில் வந்து பிள்ளைகளோடு இருக்கலாம். இதற்கு வளைவின் செலவில் ஒரு சிறு பங்கு போதும். செயற்குழு அடுத்த கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் போடுவதாகத் தலைவி அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எதிர்த்து வாக்களிக்க விரும்புபவர்கள் முதலில் என்னோடு வந்து கதையுங்கள்.

இரண்டாவது ஒரு சிறிய கேள்வி, இது ஊர்ப் பெரியவர்களிடம். கரையோரத்தில் புதிது புதிதாக விளக்குக் கம்பம் வருகிறது. பெண்பிள்ளைகள் இரவில் நடந்துவர வெளிச்சம் வேண்டும், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் அந்த வெளிச்சம் நிலத்தில் விழட்டும், மேலே மூடி போடச் சொல்லுங்கள். மின்சாரம் இல்லாத அந்தப் பொல்லாத வருடங்களில், பயத்தோடு முற்றத்தில் படுத்திருந்தபோது எங்களுக்கு இருந்த ஒரே செல்வம் வானம்தான். அந்த வருடங்கள் திரும்பி வரவேண்டாம், வானம் மட்டும் இருக்கட்டும்.

பேச்சு நீண்டுவிட்டது, சோறு ஆறுகிறது. சாப்பிட்டு முடித்து ஒன்பதரை மணிக்குக் கடற்கரைப் பக்கம் வாருங்கள். இன்று நிலா இல்லை, மாரி முகிலும் போய்விட்டது. பங்குனி மாதத்து இந்த நேரத்தில் ஆயிலியம் எங்கள் உச்சிக்கு மேலேயே நிற்கும், இந்த ஊருக்கு அது வாய்த்த ஒரு வசதி. கைத்தொலைபேசி விளக்கை எல்லாம் அணைத்து, கண் பழகப் பத்து நிமிடம் பொறுங்கள். பாய் கொண்டுவந்தால் கழுத்து நோகாது. மகத்தின் பெரிய நட்சத்திரத்தை நான் காட்டுவேன், அதில் இருந்து மேற்கே வந்து பாம்பின் தலையை நீங்களே பிடிக்க வேண்டும். பிறகு கையை நீட்டி, கல்முனைப் பக்கமாக ஒரு முட்டியும் இரண்டு விரலும். நுளம்புத்திரி செயலாளரிடம் இருக்கிறது.